மாட்டுச் சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும்

போன வாரம் ஒரு சைக்கிள் பூட்டு வாங்கப் போனேன். முட்டி தேய்ந்துகொண்டு வருகிறது, நடை மட்டும் போதாது, சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் வரைக்கும் மிதிப்பது, அங்கே சைக்கிளை விட்டுவிட்டு மின்சார ரயிலில் ஆபீசுக்குப் போவது என்று ஏற்பாடு. ஐம்பதைத் தாண்டிய ஆள் கியர் வைத்த சைக்கிளில் ஏறுவதைப் பார்த்த அன்றைக்கு எங்கள் தெரு நாய்கள்கூடக் குரைக்க மறந்து நின்றன. சைக்கிள் வாங்கியாயிற்று, பூட்டுதான் பாக்கி.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பூட்டுகள் தொங்கின. பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு, எண் திருப்புகிற பூட்டு, லாடம்போல வளைந்த கனத்த பூட்டு, தொட்டால் அலறுகிற பூட்டு, செல்போனில் திறக்கிற பூட்டு. விற்பனைப் பெண் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினாள். நான் எல்லாவற்றையும் கையில் வாங்கி எடை பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

"சார், சைக்கிளை எவ்ளோ நேரம் விட்டுட்டுப் போவீங்க? அதை வச்சுத்தான் எது சரிப்படும்னு சொல்ல முடியும்" என்றாள்.

நியாயமான கேள்வி. காலையில் விட்டால் சாயங்காலம் எடுப்பேன் என்று சொல்லியிருக்கலாம். கையிலிருந்த பூட்டில் புது எண்ணெய் வாசனை அடித்தது. அந்த வாசனை என் அண்ணனின் விரல்களில் எப்போதும் இருக்கும். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன்.

அண்ணன் பேர் ஏழுமலை. எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வருகிறவர்கள் பாதி தூரம் வந்து, கால் வலித்து, ஒரு டீயோ சோடாவோ குடிக்க உட்காருகிற ஊர். டவுன்காரர்கள் மலையின் முகத்தைப் பார்த்தார்கள் என்றால் நாங்கள் முதுகைப் பார்த்து வளர்ந்தோம். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் மல்லாட்டை போடுவார். பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டிக்கொண்டு கூலிக்குப் போவார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். சென்னைக்கு வந்த புதிதில் ஒரு கடையில் மல்லாட்டை கேட்டு, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தது தனிக் கதை.

எண்பத்தொன்பதில் எங்கள் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பஸ்கள் ஜாஸ்தியாயின. படித்துவிட்டு ஏர் பிடிக்க மனமில்லாத பையன்கள் எல்லாரும் ஒரு சைக்கிளை வாங்கி டவுனுக்கு மிதித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிளை விட்டுவிட்டு அங்கிருந்து எந்தத் திசைக்கு வேலை கிடைத்ததோ அந்தப் பஸ்ஸில் ஏறினார்கள். அண்ணனுக்குப் போளூர். டிராக்டர் உதிரிபாகம் விற்கிற கடையில் வேலை. காலையில் அவன் கிளம்பிப் போகிறபோது தேங்காய் எண்ணெய் வாசனையும், திரும்பி வருகிறபோது கிரீஸ் வாசனையும் வரும்.

அந்தக் காலத்துச் சைக்கிள் பூட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே வளையமாக ஒன்று இருக்கும். தள்ளினால் ஒரு கம்பி ஆரங்களுக்கு நடுவே நுழைந்து பூட்டிக்கொள்ளும். பார்க்கப் பெரிய பாதுகாப்பு. உண்மையில் எங்கள் ஊரில் யார் சாவியும் யார் பூட்டையும் திறக்கும். சாவியைத் தொலைத்தவன் டீக்கடை வாசலில் நின்று, "யார்கிட்டயாவது சைக்கிள் சாவி கீதா?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். நாலைந்து பேர் இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்து வருவார்கள். அதில் ஒன்று கட்டாயம் சேரும். எங்கள் கணக்கு வாத்தியார் ஒருமுறை வேறு யாருடைய சைக்கிளையோ தன் சாவியால் திறந்து வீடு வரைக்கும் மிதித்து வந்துவிட்டார். கேரியரில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டு இருந்ததைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. மறுநாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார். கீரையை அவர் வீட்டில் ஆக்கித் தின்றுவிட்டார்கள்.

சிரிக்கிற கதைதான். அண்ணனுக்கு அப்படி அமையவில்லை. கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர்க் கோயில் மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு உச்சியில் தீபம் ஏற்றுவதைப் பார்க்க அண்ணாந்து நின்றிருக்கிறான். கும்பிட்ட கையை இறக்கித் திரும்பினால் சைக்கிள் இல்லை. யாரோ தவறுதலாக எடுத்துப் போயிருப்பார்கள், கொண்டுவந்து விடுவார்கள் என்று எல்லாரும் சொன்னோம். அவனும் நம்பினான். மறுநாள் காலையில் போய் அதே மதிலோரம் நின்றான். அதற்கும் மறுநாள் போனான். அப்புறம் போவதை விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பேச்சு கம்மியாகிவிட்டது. அதற்கு முன்பும் அவன் வாயாடி கிடையாது. ஆனால் என்னைச் சீண்டிக்கொண்டாவது இருப்பான்.

பல மாதம் கழித்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். வாங்கிய கையோடு என்னையும் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு தேரடித் தெருவுக்குப் பூட்டு வாங்கப் போனான். அவன் அத்தனை பேச்சு பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரும்புச் சாமான் கடைக்காரர் முதலில் வளையப் பூட்டைக் காட்டினார். அண்ணன் தொடக்கூட இல்லை.

"அது வேணாங்க. ஊரு பூரா அதுக்குச் சாவி கீது."

எண் பூட்டைக் காட்டினார். "மூணு நம்பர்தானே? ஒரு சாமியார் சும்மா உக்காந்து திருப்பிக்கினே இருந்தா சாயங்காலத்துக்குள்ள தெறந்துடுவாரு. நம்ம ஊர்ல சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்குப் பஞ்சமா?"

கம்பி வடத்தை முறுக்கிச் செய்த பூட்டை எடுத்தார். அதை வளைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு கட்டிங் பிளேடு போதும்" என்றான்.

கடைக்காரருக்குச் சூடாகிவிட்டது. உள்ளே போய் ஒரு திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்து பலகைமேல் 'தொம்' என்று வைத்தார். உள்ளங்கை அகலம், பித்தளை முகம், கட்டைவிரல் தடிமனில் வளையம். "இது குடோனுக்குப் போடறது தம்பி. இதைப் போட்டா பூனைகூட உள்ள போவாது. ஆனா அமுக்கினா பூட்டாது. சாவி போட்டுத் திருப்பினாத்தான் பூட்டும். மறந்துட்டா அது ஒன் பாடு."

அவர் கிண்டலுக்குத்தான் எடுத்து வைத்தார். அண்ணன் அதைக் கையில் ஏந்தி, சாவியைப் போட்டுத் திருப்பி, காதோரம் வைத்துக் கேட்டான். மறுபடியும் திருப்பினான். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "இதையே குடுங்க" என்றான். கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். இரண்டையும் அங்கேயே தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

பூட்டு வந்துவிட்டது. அதற்கேற்ற சங்கிலி எந்தச் சைக்கிள் கடையிலும் இல்லை. வீட்டுக்கு வந்து தொழுவத்தில் தொங்கிய மாட்டுச் சங்கிலியை எடுத்துக்கொண்டான். எங்கள் பசு லட்சுமியை அதற்குள் விற்றிருந்தோம். அம்மா பதறினாள். "டேய், லட்சுமி கழுத்துல கெடந்ததுடா அது. சைக்கிளுக்குப் போய் மாட்றியே."

"லட்சுமியும் காலையில போயி சாயங்காலம் வந்ததுதானம்மா. இதுவும் அப்பிடித்தான்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. மஸ்தான் பாய் நடத்தினார். வெற்றிலைச் சிவப்பில் எப்போதும் சிரிக்கிற வாய். அண்ணன் முதல் நாள் சங்கிலியைக் கலகலவென்று உருவிக் கொட்டகைக் கம்பத்தோடு சேர்த்துச் சைக்கிளைக் கட்டியதைப் பார்த்து, "இன்னாப்பா, மாட்டை ஓட்டிக்கினு வந்துட்டியா? வைக்கோல் வேற நான் போடணுமா?" என்றாராம். அன்றிலிருந்து அந்த இடத்துக்கு மாட்டுக் கொட்டாய் என்று பேராகிவிட்டது. அண்ணன் சிரிக்க மாட்டான். பூட்டைத் திருப்புவான், இழுத்துப் பார்ப்பான், சாவி ஓட்டையில் தண்ணீர் போகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் கவிழ்த்து, சணல் கயிற்றால் கட்டுவான். தினமும் இதே கதை. அவன் கட்டி முடிப்பதற்குள் ஒரு போளூர் பஸ் போய்விடும்.

கட்டுகிற முடிச்சு எங்கள் வீட்டு முடிச்சு. விதை மல்லாட்டைப் பையின் வாயைக் கட்டுகிற முடிச்சு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விதைப் பையை யார் கட்டினார்களோ அவர்கள்தான் அவிழ்க்க வேண்டும். வேறு கை அவிழ்த்தால் விதை முளைக்காது என்பார்கள். ஒரு வருஷம் நைனா காய்ச்சலில் படுத்துவிட்டார். மழை பெய்து நிலம் காத்துக்கிடந்தது. பையை அவர் படுத்திருந்த பாய்க்கே தூக்கிக்கொண்டு போய், நடுங்குகிற கையால் அவரையே அவிழ்க்க வைத்தார்கள். பக்கத்து வீடுகளில் எல்லாம் இவ்வளவு பார்க்க மாட்டார்கள். எங்களுக்குத்தான் இந்தப் பைத்தியம்.

ஒரு ஐப்பசி மாதம், தூறல் விழுந்த காலை. அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டி வெளியே கொண்டுவந்தான். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு அச்சகத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வேலை கெடச்சா எப்பிடிடா போவ?" என்று கேட்டான்.

"நடந்துதான். என்கிட்ட இன்னா மாட்டு வண்டியா கீது?" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மிதித்துப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

ஏன் போனான் என்று கேட்பீர்கள். இன்றுவரை எனக்குத் தெரியாது. நைனாவும் நானும் போளூருக்குப் போய்க் கேட்டோம். கடை முதலாளி எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். ஏழுமலை போன மாதமே கணக்கை முடித்துக்கொண்டு நின்றுவிட்டானே என்றார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, நல்ல பையன், நானே போகாதே என்றேன் என்றார். அப்படியானால் ஒரு மாதமாக அவன் தினமும் காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு போய், சைக்கிளைப் பூட்டி, பஸ் ஏறி எங்கேதான் போய்க்கொண்டிருந்தான்? நைனா அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புகார் கொடுத்தோம். சொந்தக்காரர்கள் வீடுகளில் விசாரித்தோம். எங்கள் ஊர் என்பதால் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். சாமியாராகப் போயிருப்பான், மலையைச் சுற்றித் தேடுங்கள். இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். எங்கெங்கோ காணாமல் போனவர்களைத் தேடி எல்லாரும் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். காவி கட்டி உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்க்கிறார்கள். எங்கள் ஆள் இந்த ஊரிலிருந்தே காணாமல் போனான். நாங்கள் எந்த ஊர் வரிசைக்குப் போய்க் குனிவது?

சைக்கிள் மட்டும் ஸ்டாண்டில் நின்றது. சங்கிலி, பூட்டு, பூட்டின்மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் பை, அதில் அவன் போட்ட முடிச்சு. மஸ்தான் பாய்தான் எங்களை அழைத்துப் போய்க் காட்டினார். நைனா கயிற்றில் கை வைத்தார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவன் கட்டனது. அவன் வந்து அவுப்பான்."

"இன்னாடி பேசற? புள்ளயே போயிட்டான்."

"போறவன் எதுக்குய்யா பூட்டிட்டுப் போறான்? இவ்ளோ பெரிய பூட்டு. திரும்பி வர்றவன்தான் பூட்டுவான்."

எனக்கும் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. சைக்கிளை வேண்டாமென்று விட்டுப் போகிறவன் அதற்குப் பூட்டுப் போட்டு, மழைத்தண்ணீர் போகாமல் பையும் கட்டுவானா? அந்த வீட்டில் அதற்கப்புறம் அடுப்பு எரிந்தது, நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம் என்றால் அந்தப் பூட்டை நம்பித்தான்.

எனக்கு அச்சகத்தில் வேலை கிடைத்தது. நடந்தேன். மலையைச் சுற்றிக் கால்வாசிக்கு மேல் நடந்தால்தான் வேங்கிக்கால் வரும். எங்கள் பக்கம் மினி பஸ்ஸெல்லாம் அப்போது கிடையாது. பக்திக்காக மாதத்துக்கு ஒருமுறை சுற்றுகிறவர்களுக்கு மோட்சம் என்றால் தினமும் நடந்த எனக்கு எத்தனை மோட்சம் சேர்ந்திருக்கும் என்று அச்சகத்தில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் குதிகால் வெடிப்புக்கு மெழுகு வைத்துக்கொள்வேன். ஒரு நாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்த கோபத்தில் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "சைக்கிள் சும்மாதானே நிக்குது. பூட்டை அறுத்துட்டு நான் ஓட்டறேனே. அவன் வந்தா குடுத்துடறேன்."

அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "அவன் வந்து பாக்கும்போது சைக்கிள் இல்லன்னா? ஏற்கெனவே ஒருவாட்டி திரும்பிப் பாத்து சைக்கிள் இல்லாம நின்ன புள்ளடா அவன்." மறுநாளும் நடந்தே போனேன்.

செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஸ்டாண்டுக்குப் போவாள். முந்தானையால் சீட்டைத் துடைப்பாள். ஹேண்டில் பாரைத் துடைப்பாள். பூட்டுக்கிட்டே வந்ததும் கையை எடுத்துக்கொள்வாள். சக்கரத்தில் காற்று இறங்கி ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டது. மஸ்தான் பாய் ஒரு கோணியைப் போட்டு மூடிவைத்தார். வாடகைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, எங்களை எடுக்கவும் விடவில்லை. "அது நம்ம மாடும்மா. இருந்துட்டுப் போவுது" என்பார்.

ஒரு பௌர்ணமியன்று எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஆந்திராக்கார அம்மா வந்து தண்ணீர் கேட்டாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோ. மகனாம். பல பௌர்ணமியாக வருகிறாளாம். அம்மாவுக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும். இரண்டு பேரும் வாசலில் குந்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா போன பிறகு எங்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "பாவம்டா. அவ புள்ள எதையுமே விட்டுட்டுப் போவலியாம். ஒரு சட்டைகூட இல்லியாம். எதை நம்பி இருக்கறா அவ?" என்றாள். அவளைவிடத் தான் கொடுத்துவைத்தவள் என்று எங்கள் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் போயின. பௌர்ணமிக் கூட்டம் பெருகிக்கொண்டே வந்தது. டவுனில் காலி மனை எல்லாம் லாட்ஜாக மாறின. இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள் மஸ்தான் பாய் ஆள் அனுப்பினார். இடத்துக்காரர்கள் ஸ்டாண்டை எடுத்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார்கள். கம்பமே இருக்காது. வந்து சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். நைனா ஒரு ஹேக்ஸா பிளேடைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அம்மா தடுக்கவில்லை. கொட்டகைத் தகரத்தைப் பாதி பிரித்திருந்தார்கள். வேறு சைக்கிளே இல்லாத அந்த இடத்தில் எங்கள் கோணி மூட்டை மட்டும் நின்றது. பாய் கோணியை எடுத்தார். ஆரமெல்லாம் துரு. சீட்டின் தோல் வெடித்துப் பஞ்சு தெரிந்தது. பூட்டின்மேல் பை மட்டும் அப்படியே இருந்தது.

நைனா உட்கார்ந்து கயிற்றைத் தொடப்போனார். அம்மா, "இரு, நான் அவுக்கறேன். கட்டனவன் வரல. பெத்தவ அவுக்கலாம், ஒண்ணும் ஆவாது" என்றாள். சணல் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டதும் பையை மேலே உருவினாள்.

பூட்டில் சாவி இருந்தது.

அது பூட்டியிருக்கவில்லை. சங்கிலியில் வளையத்தை மாட்டி, குழியில் உட்காரவைத்து, திருப்பாமல், சாவியோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதன்மேல்தான் பை. இத்தனை வருஷமும் யார் தொட்டு இழுத்திருந்தாலும் வந்திருக்கும்.

மஸ்தான் பாய் பிரித்த தகரங்களை அடுக்கப் போகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். நைனாவின் கையில் இருந்த பிளேடு துணிச்சுற்றோடு அப்படியே இருந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. வேலை கெடச்சா எப்பிடிடா போவ என்று கேட்டுவிட்டுப் போனவன் சைக்கிளை எனக்குத்தான் விட்டுப் போயிருக்கிறான். திருடன் கண்ணில் படாமல் மூடிக் கட்டியிருக்கிறான். நம் வீட்டு ஆட்கள் வருவார்கள், அவிழ்ப்பார்கள், சாவியைப் பார்ப்பார்கள், தம்பி ஓட்டிக்கொண்டு போவான் என்று நினைத்திருக்கிறான். விதைப் பை வழக்கத்தை ஒரு சைக்கிளுக்கும் கொண்டுவருவோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. அதுவும் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது.

அம்மா சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வளையத்தைப் பிடித்து இழுத்தாள். சிரமமில்லாமல் வந்தது. கம்பத்தைச் சுற்றியிருந்த சங்கிலியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். சைக்கிளை எனக்குக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது, மறைப்பானேன். அவள் சங்கிலியைப் பின்சக்கரத்துக்குள் விட்டு, பாருக்குக் கீழே சுற்றி, பூட்டை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். பைக்குள் இருந்ததால் எண்ணெய்ப் பிசுக்குக் காயாமல் இருந்திருக்கிறது. பூட்டு விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டித்தான் கீது" என்றாள் எங்களைப் பார்த்து.

சந்தைக்கு மூட்டை ஏற்றி வந்த எங்கள் ஊர் டயர் வண்டியில் சைக்கிளைத் தூக்கிப் போட்டோம். சக்கரம் சுற்றாததால் நைனாவும் நானும் பாயும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. பெரிய கோயில் பக்கம் வந்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நானும் கூடப் போனேன். உண்டியல் முன்னால் நின்று கையை விரித்தாள். சாவி. நான் தடுப்பதற்குள் போட்டுவிட்டாள்.

"எதுக்கும்மா?"

"கடக்காரன் ரெண்டு சாவிதானே குடுத்தான்? ஒண்ணு சாமிகிட்ட. ஒண்ணு அவன்கிட்ட. நடுவுல யாரும் கை வெக்க வேணாம்."

வீட்டில் அந்தச் சைக்கிளைத் தொழுவத்தில் நிறுத்தினோம். ஆயுத பூசைக்கு ஏர், மண்வெட்டியோடு அதற்கும் அம்மா பொட்டு வைப்பாள். பூட்டுக்கு எண்ணெய் விடுவாள். நான் வேறு சைக்கிள் வாங்கி, பிறகு வேறு வேலை வாங்கி, ஊரைவிட்டு வந்துவிட்டேன். முதலில் நைனா போய்ச் சேர்ந்தார். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது என்னிடம் அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தொழுவத்துக் கதவைச் சாத்தாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அங்கே போனால் எனக்கே வழி தெரிவதில்லை. ஸ்டாண்டு இருந்த இடத்தில் நிற்கிற லாட்ஜின் வாசலில் கார்கள் நிறைந்து கிடக்கின்றன. மஸ்தான் பாய் இல்லை. மலையைச் சுற்றுகிற பாதையை அகலமாக்கியபோது எங்கள் வீட்டின் முன்பாதியும் தொழுவமும் போய்விட்டன. மிச்சத்தை விற்றோம். வீட்டைக் காலி செய்த அன்றைக்குப் பழைய இரும்புக்காரர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பூட்டைத் தெறந்து குடுத்தீங்கன்னா தள்ளிக்கினு போயிடுவேன் சார்" என்றார். சாவி இல்லை என்றேன். அப்படியே தோளில் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டார். சங்கிலி தெரு முனை வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே போயிற்று.

அண்ணன் எங்கேயாவது இருந்தால் அவனுக்கும் தலை நரைத்திருக்கும். அரைஞாண் கயிற்றில் அந்தச் சாவியை இன்னும் வைத்திருக்கிறானோ என்னவோ. என்றைக்காவது மனசு மாறி வந்தான் என்றால், அதைப் போட்டுத் திறக்க இங்கே ஒன்றும் இல்லை.